சிவனுக்குப் பின்னிய ஜடை

விளக்கு அணைவதற்கு முன்பே மகுடபதி எழுந்துவிட்டார். இது இரண்டாவது தடவை.

கொடுமுடிக்குப் பக்கத்தில், வாய்க்காலை ஒட்டி இருந்த அந்தச் சின்ன மடத்தில் காவி கிடையாது, காதில் ஓதும் மந்திரம் கிடையாது. சீடராக வேண்டும் என்பவர் முற்றத்தில் போட்டிருக்கும் பலகையில், எண்ணெய் ஊற்றிய ஓர் அகல்விளக்குக்கு முன்னால் உட்கார வேண்டும். விளக்கு தானாக அணையும்வரை எழுந்திருக்கக் கூடாது. அவ்வளவுதான். அதுவும் வியாழக்கிழமை சாயங்காலம், ஊர் சனம் வந்து போகிற நேரத்தில். கேட்பதற்கு என்னவோ சுலபம்தான். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

மகுடபதிக்கு அறுபது தாண்டிவிட்டது. குடிநீர் வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு வீட்டில் கால் பாவாமல் இங்கே வந்து சேர்ந்தார். விருந்தாளியாகத்தான் தங்கியிருந்தார். விருந்தாளியை எத்தனை நாளைக்கு வைத்துக்கொள்வார்கள்? அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப் போகிறேன் என்று பெங்களூரிலிருந்து மகன் சொல்லிவிட்டான். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அடுக்குமாடி வீடும், அவனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு வரும் நீளமான பகலும் நினைவுக்கு வந்தால் அவர் எழுந்து வாய்க்கால் பக்கம் நடக்கப் போய்விடுவார். சீடராகிவிட்டால் இங்கேயே இருந்துவிடலாம். அதற்குள் மிச்சம் இருப்பது ஒரே ஒரு வியாழக்கிழமை.

இரண்டு தடவையும் அவரை எழுப்பிவிட்டது கங்கை.

மடத்துக்கு வந்து போகும் ஜவுளி வியாபாரி ஒருவர், தொழில் நன்றாக நடந்த சந்தோஷத்தில் ஒரு செயற்கை நீரூற்று செய்து கொடுத்திருந்தார். சிமெண்டில் ஒரு மலை. மலைக்கு மேலே நீலச் சாயம் பூசிய சிவன். அவர் தலையிலிருந்து கங்கை பீய்ச்சிக்கொண்டு வந்து கீழே தொட்டியில் சளசளவென்று கொட்டும். பச்சையும் சிவப்புமாக மாறி மாறி எரியும் விளக்குகள் வேறு. கயிலாயத்தில்கூட சிவன் இத்தனை அமர்க்களமாக இருந்திருக்க மாட்டார்.

அதைக் கொண்டுவந்த அன்று வாசலில் இறக்கப் போனார்களாம். அம்மாதான் தடுத்து, "இங்க வேண்டாமுங்க. முற்றத்துல, என்ற ரூம் சன்னலுக்குப் பக்கத்துல வெச்சுருங்க" என்று சொன்னாராம். கொடுத்தவர் மனம் கோணக் கூடாதென்று சொல்லியிருப்பார் என்று மகுடபதி நினைத்துக்கொண்டார்.

அம்மா என்றால் இந்த மடத்தை நடத்தும் சுந்தரவல்லி. ஈரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். மகுடபதியைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். ஊரே அவரை அம்மா என்றது. அவரோ தன்னைவிடப் பெரியவர்களை அண்ணா என்றும் அக்கா என்றும்தான் கூப்பிடுவார்.

இரண்டாவது தடவை எழுந்த அன்றைக்கு எல்லோரும் போன பிறகு அம்மா முற்றத்துக்கு வந்தார். மகுடபதி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"என்னங்ணா, எந்திரிச்சுட்டீங்களாமா?"

"சத்தமுங்கம்மா."

"என்ன சத்தம்?"

"தண்ணி விழுகற சத்தமுங்க. வேலைல இருந்த காலத்துல அந்தச் சத்தம் கேட்டா எங்கியோ குழாய் ஒடஞ்சு போச்சுன்னு அர்த்தம். அடுத்த நிமிஷம் போன் வரும். ஊரே தண்ணியில்லாம நம்மளத் திட்டும். இப்பக் கண்ண மூடினாலும் போன் அடிக்கற மாதிரியே இருக்குதுங்க. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. எந்திரிச்சுப் போய் வால்வ மூடுன்னு கால் தானாக் கெளம்புது."

தண்ணீர்ச் சத்தம் அறுபதைத் தாண்டியவர்களை இன்னொரு வேலைக்கும் எழுப்பிவிடும். அதை அம்மாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்ததால் சொல்லவில்லை.

"அதோட சத்தத்தக் கொறச்சுரட்டுங்களா?" என்று கேட்டார்.

அம்மா தன் அறைக்குள் போனார். கதவைச் சாத்தினார். சன்னலுக்கு உள்ளே நின்றுகொண்டு மகுடபதியைப் பார்த்து ஏதோ பேசினார். உதடு அசைந்தது தெரிந்தது, ஒரு வார்த்தை காதில் விழவில்லை. பிறகு வெளியே வந்தார்.

"நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் கேக்கலீங்க."

"சுத்தமாக் கேக்கலையா?"

"இல்லீங்க. அதைத்தானுங்க நானும் சொல்றேன். அத்தனை சத்தம்!"

அம்மா நீரூற்றை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"சரி, கொறைங்க" என்றார். "ஆனா எனக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க."

"எவ்வளவுங்க?"

"வேண்டியதுதான்."

அளவு சொல்லாத வேலை பொறியாளருக்குப் பிடிக்காது. ஆனாலும் அனுமதி கிடைத்துவிட்டதே. மகுடபதிக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

மறுநாள் விடிந்ததும் இறங்கிவிட்டார். முதலில் வால்வைத் திருகித் தண்ணீரைக் குறைத்தார். கொட்டுவது நின்று சொட்ட ஆரம்பித்தது. கொட்டும் தண்ணீரையாவது பொறுத்துக்கொள்ளலாம். சொட்டும் தண்ணீர் இருக்கிறதே, அடுத்த சொட்டு எப்போது விழும் எப்போது விழும் என்று ஆளைக் காக்க வைத்தே கொன்றுவிடும். வால்வைத் திறந்து பழையபடி வைத்தார்.

அடுத்து, தண்ணீர் விழும் உயரத்தைக் குறைக்கத் தொட்டியை விளிம்புவரை நிரப்பினார். விழுகிற இடத்தில் ஆற்றிலிருந்து பொறுக்கி வந்த கூழாங்கற்களைக் குவித்தார். சத்தம் பாதியாக இறங்கியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற மனம் இருந்தால் அவர் ஏன் இரண்டு தடவை எழுந்திருக்கப் போகிறார்?

பாதிச் சத்தம் போனதும், அதுவரை அதற்கு அடியில் பதுங்கியிருந்த மோட்டார் உறுமுவது கேட்டது. பஞ்சர் கடையில் பழைய டியூப் வாங்கி வந்து மோட்டாருக்கு அடியில் மடித்து வைத்தார். உறுமல் அடங்கியது. இப்போது தண்ணீர் தொட்டியில் சேரும் இடத்தில் மெல்லிய ஒரு சலசலப்பு. யாரோ பக்கத்து அறையில் நம்மைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது போல. ராத்திரி படுத்தால் அதுவே காதுக்குள் இருந்தது. சாப்பிடும்போது கையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார்.

"தண்ணி பேசறது கேக்குதுங்களா?" என்று சமையல்கட்டில் இருந்த ரங்கநாயகியிடம் கேட்டார்.

"எனக்கு நீங்க பேசறதுதானுங்க கேக்குது" என்றாள் அவள்.

புதன்கிழமை ஒரு துக்கத்துக்காக அம்மா ஈரோட்டுக்குப் போயிருந்தார். அன்றைக்குத்தான் மகுடபதிக்கு அந்த யோசனை வந்தது. தென்னை நார்க் கயிறுகளை மூன்று பிரியாகப் பின்னினார். ஒரு நுனியைச் சிவன் தலையில், தண்ணீர் வருகிற வாயிலேயே வைத்து, குழாய்க்குப் போடும் பசையால் அழுந்த ஒட்டினார். மறு நுனியைத் தொட்டிக்குள் விட்டார். மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் கயிற்றை நனைத்துக்கொண்டு, அதைப் பற்றியபடியே வழுக்கி இறங்கித் தொட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. ஒரு சத்தம் இல்லை. குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது போல இறங்கியது.

ரங்கநாயகி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"சிவனுக்கே ஜடை பின்னி உட்டுட்டீங்களே! பூ மட்டுந்தான் பாக்கி."

மகுடபதி சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு அது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

வியாழக்கிழமை சாயங்காலம் பலகையில் உட்கார்ந்தார். ரங்கநாயகி விளக்கை ஏற்றிவிட்டுப் போனாள். முற்றத்தின் ஓரத்து பெஞ்சில் வழக்கம்போல ஆட்கள் காத்திருந்தார்கள். வியாழக்கிழமை யார் வேண்டுமானாலும் வரலாம், தனியாக அறைக்குள் போய் அம்மாவிடம் மனதில் இருப்பதைச் சொல்லலாம். பெஞ்சில் தறிக்காரர் ஒருவரும், கல்லூரிக்குப் போகிற பெண் ஒருத்தியும் இருந்தார்கள். வரிசையில் அவர்களுக்கு முன்னால் மணியம்மை. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவளை ஒட்டி உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தது அவளுடைய மாமியார் வேலாத்தாள். மருமகளுக்குத் தீராத தலைவலி, அம்மா திருநீறு போட்டால் கேட்கிறது என்று வாரா வாரம் கூட்டி வருகிறவள். அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போகவும் மாட்டாள், உள்ளே கூட வரவும் மாட்டாள். பெஞ்சிலேயே காவல் இருப்பாள்.

ஈரோட்டிலிருந்து பஸ் தாமதமாகி அம்மா அப்போதுதான் வந்து சேர்ந்தார். முற்றத்தில் கால் வைத்ததும் நின்றார். சிவனைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், பலகையில் கண்ணை மூடியிருந்த மகுடபதியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மணியம்மை எழுந்து அறைக்குள் போய்விட்டாள். அம்மாவும் பின்னாலேயே போனார். கதவு சாத்திக்கொண்டது.

மகுடபதிக்கு எல்லாம் கூடி வந்தது. நெஞ்சு படபடக்கவில்லை. போன் அடிக்கவில்லை. விளக்கின் சுடர் மட்டும் மூடிய இமைக்கு வெளியே மஞ்சளாகத் தெரிந்தது. இன்றைக்கு எழ மாட்டேன், இங்கேயே இருந்துவிடுவேன் என்று நினைத்தபோது கண்ணில் நீர் கட்டியது.

அப்போது சன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

முதலில் முணுமுணுப்பாக இருந்தது. அவர் கவனிக்காமல் இருக்கப் பார்த்தார். காதுக்கு இமை இல்லையே. குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. அழுகை கலந்த குரலுக்குத் தான் உயர்வது தெரியாது.

"அவரு கை நீட்டறதக்கூடப் பொறுத்துக்குவனுங்கம்மா…"

மகுடபதி கண்ணைத் திறந்துவிட்டார்.

வேலாத்தாளின் வாய் வெற்றிலை மெல்வதை நிறுத்தியிருந்தது. தறிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லூரிப் பெண் தன் துப்பட்டாவின் நுனியைக் கசக்கினாள். அம்மாவின் குரல் கேட்கவே இல்லை. பேச ஆரம்பித்த வாயை அவர் எந்தக் காலத்திலும் அடைத்தது கிடையாது. அடைத்தால் அது மறுபடி திறக்காது என்பார்.

அப்போதுதான் மகுடபதிக்கு உறைத்தது. கொட்டுகிற நீரூற்றை அம்மா தன் சன்னலுக்குப் பக்கத்தில் எதற்காக வைக்கச் சொன்னார் என்பதும், அன்றைக்கு உள்ளே நின்று உதட்டை அசைத்துக் காட்டியது எதற்காக என்பதும். கொஞ்சம் மிச்சம் வை என்றாரே, பாவி நான் கொஞ்சம்கூட வைக்கவில்லையே!

வேலாத்தாள் பெஞ்சில் நகர்ந்து சன்னல் பக்கமாக உட்கார்ந்தாள்.

"செவ்வாக்கெழமை அவரு சந்தைக்குப் போவாருங்கம்மா. அப்ப பாப்பாவத் தூக்கீட்டு…"

விளக்கில் எண்ணெய் பாதி இருந்தது. மகுடபதி அதைப் பார்த்தார். எழுந்துவிட்டால் பெங்களூரின் அந்த நீளமான பகல்தான். ஒரு மூச்சு நேரம்தான். அந்த ஒரு மூச்சு நேரம் அவர் எழாமல் இருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு எழுந்து ஓடினார்.

கயிற்றைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. அவர் வைத்த பசை அவரைப் போலவே பிடிவாதம் பிடித்தது. தொட்டி ஓரத்தில் முற்றம் கழுவுகிற வாளி கிடந்தது. அதை எடுத்துத் தொட்டியில் முக்கி, தலைக்கு மேலே தூக்கி, தொட்டிக்குள்ளேயே கவிழ்த்தார். சளாரென்று விழுந்தது. மறுபடி முக்கினார், மறுபடி தூக்கினார், மறுபடி கவிழ்த்தார்.

வேலாத்தாள் திரும்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க நீங்க?"

"தண்ணி ஆத்தறனுங்க."

"தண்ணிய ஆத்துவாங்களா?"

"ஆத்துனாத்தானுங்க நாத்தம் வராது." அவர் வாளியை இன்னும் உயரத் தூக்கி, இன்னும் அவள் பக்கமாகச் சாய்த்து ஊற்றினார். தண்ணீர் தெறித்து அவள் சேலையை நனைத்தது.

"அட, மேலெல்லாம் அடிக்குதுங்க!"

"அக்கட்டால போய் உக்காருங்க ஆத்தா. இங்கிருந்தா நனையத்தான் செய்வீங்க."

"உள்ளார புள்ள என்னமோ சொல்லீட்டு இருந்தா…"

"என்னுங்க? தண்ணி சத்தத்துல ஒண்ணுங் கேக்கலீங்க!"

வேலாத்தாள் முறைத்தாள். இன்னொரு வாளி விழுந்தது. தறிக்காரர் எழுந்து, "வாங்கக்கா, இப்பிடி வந்துருங்க, ஈரம்" என்று பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கினார். கல்லூரிப் பெண் மறுமுனையைத் தூக்கினாள். பெஞ்சு முற்றத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. வேறு வழியில்லாமல் வேலாத்தாளும் அதன் பின்னால் போனாள்.

மகுடபதி ஊற்றிக்கொண்டே இருந்தார். தோள்பட்டை விட்டுப் போனது. மூச்சு இரைத்தது. வேட்டி தொடையோடு ஒட்டிக்கொண்டது. கிழவி எதுவரை கேட்டிருப்பாள்? சந்தை காதில் விழுந்திருக்குமா, பாப்பா விழுந்திருக்குமா? நினைக்க நினைக்கப் பயம் கூடியது. பயம் கூடக் கூட வாளி வேகமாகப் போய் வந்தது. வேலை பார்த்த காலம் முழுவதும் தண்ணீர்ச் சத்தத்தை நிறுத்துவதற்காக ஓடிய மனிதர், அன்றைக்கு அது ஒரு நொடி நின்றாலும் பதறினார்.

கதவு திறந்தது. மணியம்மை வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். நெற்றியில் திருநீறு இருந்தது.

வேலாத்தாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவ்வளவு நேரம் அப்பிடி என்ன சொன்ன?"

"தலவலியத்தானுங்கத்த."

"என்னமோ கை நீட்டறது, அது இதுன்னு காதுல உழுந்துச்சு."

மணியம்மையின் முகம் வெளுத்தது. மகுடபதியின் வாளி அந்தரத்தில் நின்றது.

"அதுக்கப்பறம் இந்த மனுசன் பண்ணுன கூத்துல ஒரு எழவுங் கேக்கல" என்றாள் வேலாத்தாள். சேலையைப் பிழிந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, குரலைத் தாழ்த்தி, "கை நீட்டறது எந்த ஊட்டுல இல்ல? நானும் பட்டவதான். வா, பொழுதாச்சு" என்று மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வாசலைத் தாண்டும்போது மணியம்மை திரும்பிப் பார்த்தாள். நனைந்து நிற்கும் மனிதரை, வாளியை, அவருக்குப் பின்னால் ஆளில்லாத பலகையை. அவ்வளவுதான், போய்விட்டாள்.

மகுடபதி வாளியைக் கீழே வைத்தார். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அணைந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது அவருக்கு.

அம்மா அறை வாசலில் நின்றார்.

"எந்திரிச்சுட்டனுங்க" என்றார் மகுடபதி.

அம்மா முற்றத்தில் இறங்கி வந்தார்.

"மிச்சம் வைங்கன்னு நீங்க சொன்னீங்க. நான் புத்தி கெட்டு மொத்தத்தையும் அடைச்சுப்போட்டேன். அந்தப் புள்ள பேசறது எனக்கும் கேட்டுருச்சுங்க. மறக்கோணும்னு பாக்கறேன், முடியல. உக்காரவும் எனக்குத் துப்பில்ல. ஞாயித்துக்கெழம பையன் வர்றான். அவன்கூடவே கெளம்பிக்கறனுங்க."

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. முற்றத்தில் வேறு சத்தமே இல்லாததால் அது எல்லோருக்கும் கேட்டது.

அம்மா முற்றத்தின் கோடியில் இருந்த பெஞ்சைப் பார்த்தார். தறிக்காரரும் அந்தப் பெண்ணும் எழுவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"பையன் வந்தா இருந்து சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க" என்றார் அம்மா. "இப்ப வாளிய எதுக்குக் கீழ வெச்சீங்க? இன்னும் ரெண்டு பேரு உள்ள வந்து பேசோணும்ல?"